அகட்டிக் கட்டிய கால்கள்

நான் விந்தி நடப்பது செஞ்சி கடைவீதிக்கே தெரியும். இடது தொடை எலும்பு இடுப்புக் குழியில் உட்காராமல் பிறந்தவள் நான். அது யாருக்கும் தெரியாமலே வளர்ந்துவிட்டேன். பெரியவளான பிறகு நைனா புதுச்சேரிக்கு அழைத்துப்போனபோது அங்கிருந்த டாக்டர், "பொறந்த உடனே பாத்திருந்தா அப்பவே சரி பண்ணிருக்கலாம்" என்றார். நைனா தலை குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் எனக்கு மகள் பிறந்தாள். லேடி டாக்டர், "குழந்தை நல்லா இருக்குது, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

"இடுப்பைப் பாத்தீங்களா?"

"ஏம்மா, அழகாத்தானே இருக்கா?"

"நானும் அழகாத்தான் பொறந்தேன். பாக்காம கட்டிலை விட்டு எறங்க மாட்டேன்."

முறைத்தார். பிறகு குழந்தையின் முழங்கால்களை மடக்கி மெல்ல வெளிப்பக்கம் விரித்தார். இடது எலும்பு நழுவிக் குழிக்குள் விழுவது அவர் விரலுக்குத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்தது. தடித்த துணியை மடித்துத் தொடைகளுக்கு நடுவே வைத்து, கால்கள் விரிந்தே இருக்கும்படி கட்டினார். சில மாதங்கள் இப்படியே இருக்க வேண்டும், காலை நீட்டி இழுக்கவே கூடாது என்றார்.

கடைவீதியில் எங்கள் கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டிலோ இழுப்பதுதான் வழக்கம். குழந்தைகளைக் குளிப்பாட்ட வருகிற அம்மா எண்ணெய் தேய்த்து, கால்களைச் சேர்த்து நீவி, கடைசியில் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார். அவர் கை நீட்டியதும் நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

கணவரின் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "பொட்டப் புள்ள காலை அகட்டி வெச்சிருக்கியே, இன்னா லட்சணம் இது? கடைக்கு வர்றவங்க பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

"என்னைச் சொன்னது போதும் அண்ணி, இவளையும் சொல்ல வாணாம். துணியை அவுக்கணும்னா மொதல்ல என் கையை ஒடிச்சுட்டு அவுத்துக்குங்க."

வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை, கணவர் உட்பட. பேசாவிட்டால் போங்கள் என்று நானே குளிப்பாட்டினேன், நானே துணி கட்டினேன். கழுத்து நின்றதும் அவளைக் கால் விரித்து இடுப்பில் உட்காரவைத்து, கடைவீதி முழுக்க விந்திக்கொண்டே போய்வந்தேன். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் போனேன்.

துணியை எடுத்த பிறகு தவழ்ந்தாள், நின்றாள், நடந்தாள். ஒருநாள் கடை வாசலில் என் கையை உதறிவிட்டு ஓடினாள். துளி விந்தல் இல்லை.

"புடி, புடி, ஓடுறா பாரு!" என்று அண்ணி உள்ளேயிருந்து பதறினார்.

"என்னால புடிக்க முடியல அண்ணி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.