முப்பத்தோராம் நாள் நிறை

வைத்தியசாலையிலிருந்து மகளைக் கொண்டுவந்த நாளிலிருந்து நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. ஏழு கிழமை முந்திப் பிறந்தவள். நாலு முறை உறிஞ்சுவாள், களைத்து நித்திரையாகிவிடுவாள். உள்ளங்காலைச் சுரண்டி எழுப்புவேன். எழும்பாவிட்டால் பாலைக் கையால் பிழிந்து சின்னக் கோப்பையில் பருக்குவேன். கோப்பையைக் கழுவி வைக்க அடுத்த முறை வந்துவிடும்.

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் தீட்டுப் போகத் துடக்குக் கழித்தோம். வந்த சனமெல்லாம் பால்மாத் தகரப் பேணியோடு வந்தது.

"இந்தக் குருவிக்கு உன்ரை பால் காணுமே?" என்று உதவிக்கு வந்து நின்ற மச்சாள், என் கணவரின் அக்கா, எல்லோருக்கும் முன்னால் கேட்டார். சிரித்துச் சமாளித்தேன்.

அடுத்த நாள், வீடு வீடாக வந்து பிள்ளைகளை நிறுக்கும் மருத்துவமாது தராசோடு வந்தார். பிள்ளைக்குத் தண்டை, காப்பு, வெள்ளி அரைஞாண் எல்லாம் முதல்நாள்தான் போட்டிருந்தோம். உடனே கழற்றினால் கூடாது என்ற பயம் எனக்கு. படித்து என்ன பயன்!

"குளிருது மிஸ், சட்டையோடை நிறுங்கோ" என்றேன். நீளச் சட்டை எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

நகை போட்ட நாலாம் நாள் தண்டை உரசிக் கால் சிவந்தது. எல்லாவற்றையும் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். மறுகிழமை அதே சட்டையோடு நிறுத்தபோது மருத்துவமாதின் முகம் சுருங்கியது.

"நிறை ஏறவே இல்லையே. மூத்திரம் ஒழுங்காப் போறாவோ?"

"ஓம் மிஸ், எட்டு ஒன்பது தரம்."

"அப்ப பால் போகுதுதானே. நாளைக்கு ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுவம்."

என் பால்தான் பிள்ளையைப் பட்டினி போட்டது என்று நினைத்தேன். குசினியில் மச்சாள் பால்மாப் பேணியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"கரையுங்கோ மச்சாள்" என்று சொல்லிவிட்டேன்.

மருத்துவமாது மகளின் காலைப் பிடித்துப் பார்த்தார். "இதென்ன அடையாளம்?"

"தண்டை மிஸ்..."

"அண்டைக்கு நிறுக்கேக்கையும் போட்டிருந்ததோ?"

நான் அலுமாரிக்கு ஓடினேன். நகைகளைத் தராசில் வைத்து நிறுத்த மருத்துவமாது, கொப்பியிலிருந்த போன கிழமை நிறையில் அதைக் கழித்துப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

"பிள்ளை நல்லா ஏறியிருக்கிறா. எல்லாம் உங்கடை பால்தான். இனிமேல் எனக்கு ஒண்டும் ஒளிக்காதேங்கோ."

வாய்விட்டு அழுதேன். குசினியிலிருந்து மச்சாள் கேட்டார்: "கரைச்சிட்டன், இதை என்ன செய்யிறது?"

"நீங்களே குடியுங்கோ!" என்று கத்தினேன்.

அந்தச் சத்தத்தில் மகள் விழித்தாள். வாயைத் திறந்து என் மார்பைத் தேடி அழுதாள். காலைச் சுரண்டாமல் அவள் பால் கேட்டது அன்றுதான் முதல் தடவை.