மதர்போர்டில் கேட்ட மூச்சு

கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்து, வாங்கலாமா வேண்டாமா என்று ஓர் இணையதளத்துக்கு எழுதுவது என் வேலை. கணவர் இறந்த பிறகும் அதை விடவில்லை. கரமனையில் எங்கள் வீட்டின் முன்னறையில்தான் சோதனை மேஜை. கடைசி மாதங்களில் அவர் படுத்திருந்ததும் அங்கேதான். நுரையீரல் நோய். மூச்சு உள்ளே போகும்போது மெல்லிய சீறல் கேட்கும். வெளியே வருமுன் ஒரு தயக்கம். நானும் மாமியாரும் அந்தத் தயக்கம் முடிவதற்காகக் காத்திருப்போம்.

மழைக்காலத்தில் ஒரு மதர்போர்டு வந்தது. கிராபிக்ஸ், சவுண்ட், நெட்வொர்க் மூன்றும் அதிலேயே உண்டு. தனியாகக் கார்டு வாங்க வேண்டாம். சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டிய சாம்பிள். படங்கள் தெளிவாக ஓடின, பெரிய விளையாட்டுகளில் திணறியது. நெட்வொர்க்கில் குறையில்லை. கடைசியாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதையும் பாடவிடாமல் ஒலியை முழுக்கக் கூட்டினேன். போர்டு சும்மா இருக்கும்போது எவ்வளவு இரைகிறது என்று அப்படித்தான் பார்ப்போம்.

சீறல் கேட்டது. பிறகு தயக்கம். மறுபடி சீறல்.

கிராபிக்ஸ் வேலை செய்யும்போது எழும் மின் இரைச்சல் ஒலியில் கலப்பது புதிதல்ல. மவுஸை நகர்த்தினேன்; சீறல் வேகமானது. உடனே கையை எடுத்துவிட்டேன். அவரைத் தொந்தரவு செய்ததுபோல் இருந்தது.

காப்பியோடு வந்த மாமியார் என்னைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னாக்கும்? முகம் ஒரு மாதிரி இருக்கே."

அவரே ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மா, அது கரண்டுச் சத்தம். வேற ஒண்ணும் இல்லை."

"அவன் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? கொஞ்சம் கேட்டுண்டிருக்கேன். நீ போய்ச் சாப்பிடு."

அதன்பின் மத்தியானம் ஆனால் வந்து உட்கார்ந்துவிடுவார். அவருடைய மார்பும் அந்தத் தாளத்தில் ஏறி இறங்குவதை ஒருநாள் கவனித்தேன். தயக்கம் வரும்போது அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் ஹெட்போனை வாங்கி வைக்க மனம் வரவில்லை.

இன்னொரு நாள் நான் அடுக்களையில் இருந்தபோது கூப்பிட்டார்.

"இங்க வா. இன்னிக்கு ரொம்பக் கஷ்டப்படறான், கேட்டியா."

கிராபிக்ஸுக்கு முழுச்சுமை தரும் சோதனையை ஓடவிட்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன்.

"இப்போ தேவலை" என்றார், கண்ணைத் திறக்காமல்.

அந்தச் சோதனையை நான் முடிக்கவே இல்லை. மறுநாளே போர்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். மாமியார் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை. 'ஹெட்போனில் கேட்பவர்களுக்கு ஏற்றதல்ல' என்று எழுதி, போர்டைத் திருப்பி அனுப்பினேன்.

பின்னர் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளர் போன் செய்தார். அதே போர்டை அவர்கள் சோதித்தபோது எந்த இரைச்சலும் இல்லையாம். எங்கள் வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம், ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

மாமியாரிடம் சொன்னேன். சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ அது அந்தப் பெட்டியோட போகலை. இந்த ஆத்துலதான் இருக்கு."

"எலக்ட்ரீஷியனை வரச் சொல்லட்டுமா அம்மா?"

"வேண்டாம்."

இதுவரை கூப்பிடவில்லை. போர்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சவுண்ட் சோதனைக்கு மட்டும் தம்பானூரில் இருக்கும் தோழியின் அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறேன்.