திரும்பிப் பார்க்காத ஓட்டுநர்

"இடது பக்கம் பாரு, கலங்கரை விளக்கம்" என்று சொன்ன ஓட்டுநர் இடது பக்கம் பார்க்கவில்லை. பின்னால் வருகிற சிநேகிதரையும் பார்க்கவில்லை. நடைபாதையில் நேராக முன்னே பார்த்தபடி, ஓர் அடி முந்தி, வேகம் கூடாமல் குறையாமல் நடந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த தையற்காரர் இடது பக்கம் பார்த்து, "ம், தெரியுது" என்றார். உடனே ஓட்டுநரின் கண்கள் மட்டும் நெற்றிக்கு மேலே எதையோ தேடிப் போய்வந்தன. பேருந்தில் உள்கண்ணாடி இருக்கும் இடத்தைத்தான் அவர் பார்க்கிறார் என்பது தையற்காரருக்குப் புரிய அரை நாள் பிடித்தது. இங்கே அந்த இடத்தில் வானம்தான் இருந்தது.

கடலோரச் சாலையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பேருந்து அவருடையது. துறைமுகத்தில் கிளம்பி, கலங்கரை விளக்கம், மீன் காட்சியகம், பெரிய கடற்கரை, பாறை வளைவு என்று போய், மறுபடி துறைமுகத்துக்கே வரும். மறுபடி கிளம்பும். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அதே தடம்தான்.

"செக்குமாடுன்னு சொல்லு" என்றார் தையற்காரர்.

"செக்குமாட்டுக்காவது எள்ளு வாசம் கிடைக்கும். எனக்கு டீசல்."

வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசக்கூடாது என்று அவர் தலைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அந்த எழுத்துக்குக் கீழே இத்தனை வருடம் உட்கார்ந்தவர், வீட்டுக்குப் போகும்போது அதையும் கையோடு கொண்டுபோய்விட்டார் போலிருக்கிறது. சமைக்கும்போது சுவரைப் பார்த்துப் பேசுவார். சாப்பிடும்போது சன்னலைப் பார்த்துப் பேசுவார். கேட்ட கேள்விக்குப் பதில் வரும், நியாயமான பதிலாகத்தான் வரும். ஆனால் அது அவர் முதுகிலிருந்து வருவதாகவே கேட்பவருக்குத் தோன்றும்.

முதுகு தையற்காரருக்குப் புதிது அல்ல. முகம் எப்படி வேண்டுமானாலும் நடிக்கும், முதுகுக்கு நடிக்கத் தெரியாது என்பது அவர் தொழிலில் கண்டது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலேயே இவனுக்கு வலது தோள் சற்று இறங்கித்தான் இருக்கும். இப்போது இன்னும் இறங்கிவிட்டது. சட்டை முதுகில், இருக்கையில் சாயும் இடத்தில், துணி நைந்து நூல் தெரிந்தது. ஒரு நல்ல சட்டை தைத்து எடுத்துவந்திருக்கலாம் என்று தையற்காரருக்கு மனசுக்குள் குறுகுறுத்தது.

வலது காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கே உட்கார்ந்தாலும் அது பிரேக் போடும். லிஃப்ட் சட்டென்று இறங்கினால் போடும். தொலைக்காட்சியில் எவனோ காரை விரட்டினால் போடும். சாப்பாட்டு மேசையில் தையற்காரர் தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் வேகமாக நகர்த்தியதற்கும் மேசைக்கு அடியில் ஒரு பிரேக் விழுந்தது.

"பழக்கதோஷம்" என்று டம்ளரைப் பார்த்துச் சொன்னார் ஓட்டுநர்.

அவர் தங்கியிருப்பது ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அடுப்பு, சன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் சுவர். அந்த அறையின் நடுவே இப்போது புதிதாக ஒரு திரை தொங்கியது. திரைக்கு அப்பால் ஒரு புது மடக்குக் கட்டில், மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியோடு தயாராக இருந்தது. வந்த களைப்பில் தையற்காரர் அதில் சாயப் போனார்.

"அது பாப்பாவுக்கு. நீ கீழ படுத்துக்க."

"கடல் தாண்டி வந்தவனுக்குத் தரையா?"

"போர்வை ரெண்டு தர்றேன்."

டிக்கெட்டும் போட்டு, கடையைப் பூட்டிவிட்டு வந்தே ஆக வேண்டும் என்று வருந்தி வருந்தி அழைத்த காரணம் அப்போதுதான் வெளியே வந்தது. ஓட்டுநரின் மகள் பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறாள். கல்லூரி திறக்கும் முன் அப்பாவோடு ஒரு மாதம் இருந்துவிட்டுப் போக வருகிறாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் தனியாகத்தான் வருகிறாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் என்று ஊருக்குப் போய்வந்த மனிதர் இவர். போகும்போதெல்லாம் வீடு நிறையச் சொந்தபந்தம், வாசல் நிறையச் செருப்பு. மகளோடு தனியாக ஓர் அறையில் இருக்கப்போவது இதுதான் முதல் தடவை.

"அதான், முதல்ல உனக்கு ஒரு ரவுண்டு காட்டிப் பார்த்துடலாம்னு."

"அப்ப நான் விருந்தாளி இல்ல. வெள்ளோட்டம்."

ஓட்டுநர் அடுப்பைப் பார்த்தபடி, "அப்படித்தான் வச்சுக்கோயேன்" என்றார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். வெள்ளோட்டத்துக்கு அப்படிக் கணக்கு ஒன்றும் கிடையாது. மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

முதலில் கலங்கரை விளக்கம். அது கட்டப்பட்ட கதை, எத்தனை கப்பலைக் காப்பாற்றியது, உச்சியிலிருந்து என்னென்ன தெரியும் என்று ஓட்டுநர் மூச்சுவிடாமல் சொன்னார். பேருந்தில் ஒலிக்கும் பதிவுக்குரல் சொல்வதை அப்படியே, அது நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, அது குழையும் இடத்தில் குழைந்து சொன்னார். கிளிப்பிள்ளை தோற்றுப்போகும். தையற்காரர் முதல் படியில் கால் வைத்தார். ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போதும், வா. கிளம்பலாம்."

"ஏறிப் பார்க்கலையேடா."

"ஏறணுமா?"

அங்கே பேருந்து சில நிமிடம்தான் நிற்கும். அதற்கு மேல் நின்றால் அவருக்குக் கைகால் ஓடுவதில்லை, பின்னால் யாரோ ஹாரன் அடிப்பதாகவே இருக்கிறது. தையற்காரர் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார். உச்சிக்குப் போனதும் ஓட்டுநர் கடலைப் பார்க்கவில்லை. கீழே தெரிந்த சாலையில், தன் பேருந்தை வேறொருவர் ஓட்டிப் போவதைப் பார்த்தார். "வளைவுல கொஞ்சம் சீக்கிரம் திருப்புறான்" என்றார். அந்த உயரத்திலும் கால் பிரேக்கை மிதித்தது.

மீன் காட்சியகத்தில்தான் வெள்ளோட்டம் தரைதட்டியது. அதன் வாசல் எது என்பதில் ஓட்டுநருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தினம் தினம் பயணிகளை அந்த வாசலுக்கு எதிரேதான் ஏற்றுகிறார். கதவைத் திறந்துகொண்டு ஒரு குடும்பம் வெளியே வந்ததும் சட்டென்று உள்ளே நுழைந்தார், தையற்காரரும் பின்னாலேயே நுழைந்தார். முதலில் பொம்மைக் கடை வந்தது. பிறகு சுறா. பிறகு ஆமைகள். எதிரே வருகிற கூட்டமெல்லாம் இவர்களை இடித்துக்கொண்டும் முறைத்துக்கொண்டும் போனது. "இன்னிக்குக் கூட்டம் ஒரு தினுசா இருக்கே" என்றார் ஓட்டுநர். கடைசியில் குட்டி மீன்களின் தொட்டியைத் தாண்டியதும் டிக்கெட் கொடுக்கும் இடமும், நல்வரவு என்ற பலகையும் வந்தன, கையைக் குறுக்கே நீட்டியபடி ஒரு காவலாளியும் வந்தார்.

காவலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. வயதான இரண்டு பேர் டிக்கெட் எடுக்காமல் புகுந்துவிட்டார்களே என்று பொறுமையாக, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல விளக்கினார். ஓட்டுநர் டிக்கெட் இரண்டும் வாங்கினார். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு டிக்கெட் வாங்கியவர்கள் அந்த ஊரிலேயே இவர்களாகத்தான் இருக்கும். வெளியே வந்ததும் தையற்காரருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகுதான் தான் மட்டுமே சிரித்திருப்பது தெரிந்தது.

"பாப்பா முன்னாடி இப்படி ஆயிருந்தா?" என்றார் ஓட்டுநர், சாலையைப் பார்த்து. "வெளிய வர்றவங்களத்தான்டா நான் பார்த்திருக்கேன். எங்க உள்ள போறாங்கன்னு பார்த்ததே இல்ல."

சிரித்ததற்காகத் தையற்காரருக்கு வெட்கமாக இருந்தது.

பெரிய கடற்கரையில் மணல் தொடங்கும் இடத்தில் ஓட்டுநர் நின்றுவிட்டார். "மணல் ஒட்டும். சாயங்காலம் யார் கூட்டுறது?" என்றார். கடைசி நடை முடிந்ததும் பயணிகள் காலில் கொண்டுவந்த மணலைப் பேருந்திலிருந்து கூட்டித் தள்ளுவது அவர் வேலை. அவருக்குத் தெரிந்த கடற்கரை அதுதான். இன்று கூட்ட வேண்டிய பேருந்து எதுவும் இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் அவருக்கு நினைவுக்கு வந்தது. வந்த பிறகும் நடைபாதையோரச் சிமெண்டு பெஞ்சில்தான் உட்கார்ந்தார். தையற்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே பிள்ளைகள் அலையைத் துரத்திக்கொண்டும், அலைக்குப் பயந்து ஓடிக்கொண்டும் இருந்தார்கள்.

"பாப்பாவுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு இடம்னு வச்சா எவ்வளவு நாள் ஓட்டலாம்?" என்றார் ஓட்டுநர்.

"எதுக்குடா ஓட்டணும்?"

ஓட்டுநர் கடலைப் பார்த்து, "காட்டிக்கிட்டே போனா பேச வேண்டியதில்ல பாரு" என்றார். "போன்ல சாப்பிட்டியான்னு கேப்பேன். சாப்பிட்டேன்ப்பா அப்படிம்பா. படிக்கிறியான்னு கேப்பேன். ம்ம்பா. அதுக்கப்புறம் அம்மாகிட்ட குடுன்னுடுவேன். இங்க யார்கிட்ட குடுக்கச் சொல்றது?"

தையற்காரருக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து துணி தைப்பவர் அவர்தான். அவள் வளர்ந்ததெல்லாம் அவருடைய இஞ்சு டேப்புக்குத்தான் தெரியும். தோள் அகன்றதும், கை நீண்டதும், ஒரு வருடம் திடுதிப்பென்று உயர்ந்து பாவாடையெல்லாம் குட்டையாகிப்போனதும் அவருக்குத் தெரியும். இதெல்லாம் பார்க்க வேண்டியவன் கடல் தாண்டி யார் யாருக்கோ கலங்கரை விளக்கம் காட்டிக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்லவும் முடியாது, அந்தச் சம்பளத்தில்தான் அவள் படித்தாள். வாய்வரை வந்த ஒன்றைத் தையற்காரர் விழுங்கிக்கொண்டார். புறப்படும் முன்னால் கடைக்கு வந்து அந்தப் பெண் சொன்னது அது. இவன் மனம் நோகுமே என்று வந்ததிலிருந்து அதைச் சொல்லாமல் வைத்திருந்தார்.

திரும்பும்போது பேருந்தில் போகலாம் என்று முடிவாயிற்று. அவருடைய பேருந்தேதான், ஓட்டுபவர் மட்டும் வேறு. அவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார், இவரும் ஒரு விரலைத் தூக்கினார். வழக்கம்போல ஓட்டுநர் முன் இருக்கையைப் பார்த்து நகர்ந்தார். தையற்காரர் அவர் சட்டையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். பின்பக்கத்தில் எதிரும் புதிருமாகப் பார்க்கும் இருக்கைகள் இருந்தன. ஓட்டுநர் அங்கேயும் தையற்காரருக்குப் பக்கத்தில், சாலையைப் பார்க்கும் பக்கமாகவே உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. தையற்காரர் சொல்லிவிட்டார்.

"உன் பொண்ணு கடைக்கு வந்திருந்தாடா, நான் கிளம்புறதுக்கு முன்னாடி. அப்பாகிட்ட என்ன பேசுறது மாமான்னு கேட்டா."

ஓட்டுநர் சாலையையே பார்த்தார்.

"ஊரெல்லாம் சுத்திப் பார்க்க வேணாம்னு சொன்னா அப்பா கோவிச்சுக்குவாரான்னு கேட்டா. வீடியோவுல பேசுறப்ப நீ போனை ஓரமா சாய்ச்சு வச்சுட்டு எங்கயோ பார்ப்பியாமே. எனக்கு அப்பாவோட காதுதான் மாமா நல்லா தெரியும்னு சொன்னாடா."

ஓட்டுநரின் கை தானாக எழுந்து இடது காதைத் தொட்டுப் பார்த்தது. பிறகு மடியில் இறங்கியது. அவருக்குப் பழக்கமான ஒரு நிறுத்தம் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவர் எட்டிப் பார்க்கவில்லை. கதவு மூடியதும் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். இப்போது சாலை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில், தையற்காரரின் முகம் இருந்தது. ஓட்டுநர் அதைப் பார்த்தார். முதலில் மூக்கைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், கடைசியில் கண்ணைப் பார்த்தார். நண்பனுக்கு முன்தலை வழுக்கை விழுந்திருப்பதை அவர் அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும்.

"உன் கடையில என்ன தைக்கக் குடுப்பா?"

"எதைக் குடுத்தாலும் ரெண்டு பக்கமும் பை வைக்கச் சொல்லுவா. சுடிதாருக்கும் பை, பாவாடைக்கும் பை. பை இல்லாம ஒண்ணுகூடத் தைச்சதில்ல."

"பையில என்ன வச்சுக்குவா?"

தையற்காரருக்கு அது தெரியும். பை கிழிந்து தைக்க வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறார். "அதை அவகிட்டயே கேளு" என்றார்.

ஓட்டுநர் தலையாட்டினார். அவர் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. மகளிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. கண்ணை மட்டும் எதிரே இருந்த முகத்திலிருந்து எடுக்கவில்லை.

பேருந்து பாறை வளைவில் இறங்கத் தொடங்கியது. நின்றிருந்தவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். ஓட்டுநரின் வலது கால் தரையை அழுத்தியது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு அந்தக் காலின் செருப்பை மட்டும் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி மடக்கி, இருக்கையின் மேல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.