பூட்டுப் போட்ட மீன் தொட்டி

அந்தச் சனியனுக்குப் பெயர் கடல் சாமந்தி. பெயர் வைத்தவன் என் தொட்டியைப் பார்த்திருக்க மாட்டான். பழுப்பாக, கண்ணாடி மாதிரி உடம்போடு, நூல் நூலாகக் கைகளை விரித்துக்கொண்டு பாறை இடுக்கில் உட்கார்ந்திருக்கும். அது பூ இல்லை, பிராணி. தொட்டதையெல்லாம் கொட்டும். பக்கத்தில் எதையும் வாழ விடாது. அந்தக் குணம் எனக்குப் புதிதில்லை. என் நாத்தனார் வாராவாரம் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. உத்திரமேரூரில் எங்கள் வீட்டின் முன்னறையில் நான் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். அதை அடுத்த கூடத்தில் உப்புத் தண்ணீர் மீன் தொட்டி. சென்னையில் ஒருவர் வெளிநாடு போகும் அவசரத்தில் பாறை, மீன் எல்லாவற்றோடும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது. என் கணவர் லோடு வேன் ஓட்டுகிறவர். சதுரங்கப்பட்டினம் பக்கம் லோடு கிடைத்தால் திரும்பும்போது கேன்களில் கடல் தண்ணீர் பிடித்து வருவார். கம்ப்யூட்டர்களுக்கு வாங்கிய யுபிஎஸ்ஸில்தான் தொட்டியின் மோட்டாரும் ஓடியது. கரண்ட் போனால் கம்ப்யூட்டர்களை நிறுத்துவேனே தவிர, தொட்டியை நிறுத்த மாட்டேன். அதற்காக என்னைத் திட்டிவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. போகட்டும்.

தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன், சில நத்தைகள், பச்சை நிறத்தில் பட்டன் பாலிப். சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்ட வட்டமாக விரியும் கடல் உயிர் அது. விரல் நுனி அளவுக்கு வந்ததை நான் ஒரு பாறை முழுக்க வளர்த்திருந்தேன். கல்யாணமாகி வந்த பிறகு அந்த வீட்டில் நான் யாரையும் கேட்காமல் வைத்துக்கொண்ட ஒரே பொருள் அதுதான்.

கடல் சாமந்தியும் அதே பாறையில் ஒளிந்து வந்திருக்கிறது. முதலில் ஒன்றுதான் தெரிந்தது. கணவர் உதவி செய்கிறேன் என்று கத்தியால் சுரண்டினார். சிதறிய துணுக்கெல்லாம் தனித்தனிச் சாமந்தியாக முளைத்தது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து, ஊசியில் எடுத்து அதன் வாயில் பீச்சினேன். சில செத்தன. மற்றவை இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு, அடுத்த வாரம் குடும்பத்தோடு வெளியே வந்தன. பட்டன் பாலிப் ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது.

மாமனார் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"இத பாரும்மா, தை அறுப்புக்குள்ள இது செரியாவணும். இல்லன்னா எடுத்துடு. நெல்லு மூட்ட அடுக்க எடம் வேணும். நாத்தம் வேற அடிக்குது."

"நாறல மாமா."

"நீ அதுலயே மூஞ்ச வெச்சிக்கினு கீற. உனுக்கு எப்டித் தெரியும்?"

பிரவுசிங் சென்டர்காரிக்கு ஒரே வசதி, தேடிப் பார்க்கலாம். மீன் தொட்டிக்காரர்கள் இன்டர்நெட்டில் ஒரு குழு வைத்திருந்தார்கள். மருந்தை விடு, அதைத் தின்கிறதைக் கொண்டு வா என்றார்கள். வண்ணத்துப்பூச்சி மீன் தின்னும், ஆனால் பட்டன் பாலிப்பையும் சேர்த்துத் தின்றுவிடும். சிவப்புக் கோடு போட்ட ஒரு சின்ன இறால்தான் எனக்குத் தோது. அதே மாதிரி கோடு போட்டு, முதுகு கூனிய இன்னொரு இறால் உண்டு. அது வந்தால் பாலிப் காலி. சென்னையில் கடைக்காரன் கூனலைத்தான் முதலில் வலையில் அள்ளினான்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா, முதுகு நேரா இருக்கிறதக் குடு."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தான்.

இறால்கள் பகலெல்லாம் பாறைக்கு அடியில் ஒளிந்துகிடந்தன. ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வாரமே ஒரு நாள் காலையில் பார்த்தால், முன்பக்கப் பாறையில் இருந்த சின்னச் சாமந்திகளைக் காணவில்லை. துடைத்து எடுத்த மாதிரி இருந்தது. அவ்வளவு சந்தோஷமாகக் கடையைத் திறந்த நாள் எனக்கு வேறு இல்லை.

வெள்ளிக்கிழமை நாத்தனார் வந்தாள்.

"இன்னாமே, பூவெல்லாம் கொறஞ்சி பூட்ச்சி?"

"பூ இல்ல அண்ணி. கொட்டுற ஜந்து. இறால் விட்டிருக்கேன், அது தின்னுது."

"அழகா கீது, அத்தப் போயி சாவடிக்கிற. வூட்ல பூ அயியக் கூடாது."

"அப்ப உங்க வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க. குண்டான்ல போட்டுத் தரேன்."

"வாயப் பாரு. கம்ப்யூட்டருக்கு வர்ற பசங்கல்லாம் இத்தையே வெறிச்சிப் பாத்துக்கினு கீறானுங்க. கண்ணு பட்டா ஒண்ணும் தங்காது."

பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். நான் முன்னறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் கிளம்பியிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் இறால்கள் மல்லாந்தன. வேறு வாங்கித் தொட்டியில் விட்டேன். அவையும் துடித்துச் செத்தன. கடைக்காரனுக்கு போன் போட்டுக் கத்தினேன். "எங்க தொட்டில நல்லாத்தான் இருக்கு, உங்க தண்ணியப் பாருங்க" என்றான். அவன் சொன்னது சரிதான். அதற்காகக் கூனல் இறாலை நீட்டியவனிடம் நான் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகளும் உதிர்ந்தன. பட்டன் பாலிப் விரியவே இல்லை. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாமந்தி மட்டும் கொழுத்தது. குழுவில் எழுதிக் கேட்டேன். மீன் பிழைத்து இறாலும் நத்தையும் சாகிறதென்றால், தண்ணீரில் செம்பு கலந்திருக்கிறதா பார் என்று ஒருவர் பதில் போட்டார். மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். ஒயரைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாக வாளிக்கு மாற்றினேன். பின்பக்கப் பாறைக்கு அடியில், மணலுக்குள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு. கட்டம் போட்டு எழுத்துப் பொறித்து, மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது. ஓரமெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது.

வெள்ளிக்கிழமை வரை நான் காத்திருக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, திருப்புலிவனத்தில் அவள் வீட்டுக்கே போனேன். வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தகட்டை முறத்தில் போட்டேன்.

"ஐயையோ, அத்த ஏன் எடுத்த? ஒரு மண்டலம் கெடக்கணும்மே! கண்ணு தோஷத்துக்கு பூஜ பண்ணி வாங்கியாந்தது."

"செம்பு உப்புத் தண்ணியில கரைஞ்சா இறால் செத்துடும், நத்தை செத்துடும்."

"செம்புச் சொம்புலதான் நாங்க தண்ணி குடிக்கிறோம். செத்தா பூட்டோம்?"

"நீங்க இறாலா?"

"பாத்தியா, மனுசியப் போயி இறாலான்னு கேக்குற. உன் நல்லதுக்குத்தாண்டி வெச்சேன்."

"என் நல்லதுக்குன்னா எங்கிட்ட சொல்லிட்டு வெச்சிருக்கணும்."

"சொன்னா நீ உடுவியா?"

"விட மாட்டேன்."

"அதான் சொல்லல."

இதற்கு மேல் என்ன பேசுவது? விட மாட்டேன் என்று தெரிந்து, நான் அந்தப் பக்கம் போகிற நேரம் பார்த்து, கையை விட்டிருக்கிறாள். உளுந்து சிதறியதற்கு என்னைத் திட்டினாள். திட்டட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

மணலை முழுக்க அள்ளிக் கொட்டினேன். கணவர் முணுமுணுத்துக்கொண்டே கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டு வந்தார். மாற்றினேன், மறுபடியும் மாற்றினேன். வடிகட்டியில் கரி போட்டேன். இறாலை அவசரப்பட்டு விடவில்லை. முதலில் ஒரே ஒரு நத்தையை விட்டுப் பார்த்தேன். அது கண்ணாடியில் ஏறி, மேய்ந்து, மறுவாரமும் மேய்ந்துகொண்டிருந்தது. அப்புறம்தான் இறால். மார்கழி முடிவதற்குள் பெரிய சாமந்திகள் இரண்டொன்றைத் தவிர எல்லாம் போயின. பட்டன் பாலிப் பாதிதான் மிஞ்சியது. ஆனால் அந்தப் பாதி விரிந்தது.

அறுப்பு நெருங்கியது. மாமனார் வந்து தொட்டியை முகர்ந்து பார்த்தார். "நாத்தம் இல்ல" என்றார், ஏதோ அவரே கழுவி வைத்த மாதிரி. மூட்டைகள் வேன் ஷெட்டுக்கு என்று முடிவானது.

பொங்கலுக்கு நாத்தனார் வந்தாள். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். தொட்டியைக் காட்டி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் ஒரு தகடு வாங்கியாந்து வெச்சேன். அப்பால பாரு, பூச்சியெல்லாம் தன்னால பூட்ச்சி."

"ஆமாக்கா" என்றார் என் கணவர். தண்ணீர் சுமந்தவர் அவர்தான்.

பொங்கல் லீவு முடிந்து இரும்புக் கடை திறந்த அன்றே கொண்டியும் பூட்டும் வாங்கித் தொட்டி மூடியில் போட்டேன். சாவியைத் தாலிக்கயிற்று ஊக்கில் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மூடியைத் தட்டிப் பார்த்தாள். "மீனுக்குப் பூட்டுப் போட்டவ இந்தச் சீமையிலயே நீ ஒருத்திதான்."

"மீனுக்கு இல்ல அண்ணி" என்றேன்.