முகம் பார்க்காத எக்ஸ்ரேக்காரர்

மருத்துவமனையில் அவருக்கு 'அசையாதே' என்று பெயர். ஒரு நாளில் அவர் அதிகம் சொல்லும் சொல் அதுதான். எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருட வேலை. வந்தவர்களில் ஒரு முகம்கூட நினைவில்லை. பார்த்தால்தானே? சீட்டில் எண்ணையும் உறுப்பையும் படிப்பார். கதவைத் திறந்து, "அடுத்த கை வாங்க" என்பார். கை வரும். கூடவே ஆளும் வருவார், அவ்வளவுதான்.

யாராவது அலறினால், "கத்துறதை வெளிய போய்க் கத்துங்க, படம் ஆடிடும்" என்பார். உடைந்த கையைச் சட்டெனத் திருப்புவார். அப்படிச் செய்தால்தான் வரிசை நகரும் என்பது அவர் கட்சி.

அன்று வந்தது வீங்கிய வலது மணிக்கட்டு. முகக்கவசம் போட்ட பெண்; வாயே திறக்கவில்லை. கையை மேசையில் விரித்து வைத்துவிட்டு, இவர் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினார். திரையில் புது விரிசல். அதற்கு இரண்டு விரல் மேலே, எப்போதோ உடைந்து கோணலாகக் கூடிய எலும்பு.

அந்தக் கோணல் அவருக்குத் தெரியும். பத்து வயதில் சைக்கிளிலிருந்து அக்காவைத் தள்ளிவிட்டவர் அவர். கை கூடியபின் எடுத்த அந்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் எத்தனையோ முறை பிடித்துப் பார்த்திருக்கிறார்.

"அக்கா?"

"எலும்பைக் காட்டினாத்தான் தம்பிக்கு ஆள் தெரியுமோ?"

"சொல்லக் கூடாதா நீ?"

"அடுத்த கைன்னு கூப்பிட்ட. கை வந்துச்சு."

அக்கா தையல்காரி. கத்தரி பிடிக்கும் கை அது. எலும்பு விலகியிருக்கிறதா, அறுவை தேவையா என்று தெரிய மணிக்கட்டைப் பக்கவாட்டில் திருப்பி இன்னொரு படம் எடுக்க வேண்டும். அவருக்குக் கை எழவில்லை. வாசலில் நின்ற நர்ஸைப் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்க கொஞ்சம் திருப்புங்களேன்."

நர்ஸ் விடுவாரா? "ஏன் சார், இந்தக் கைக்கு மட்டும் வலிக்குமோ?"

"நீயே திருப்புடா," என்றாள் அக்கா. "எல்லாருக்கும் திருப்புற மாதிரியே."

திருப்பினார். அக்கா அலறினாள். அந்த அறையில் தினமும் எழும் சத்தம்தான். அவர் காதில் விழுந்தது அன்றுதான்.

எலும்பு விலகவில்லை, மாவுக்கட்டு போதும் என்றார் டாக்டர்.

மாறிவிட்டீர்களா என்று யாராவது கேட்டால் நெளிகிறார். "ரெண்டு நாள் எல்லார் முகத்தையும் பார்த்தேங்க. திருப்ப மனசு வராமப் படமே சரியா வரல, வரிசை வாசலைத் தாண்டிடுச்சு. இப்ப 'திருப்பப் போறேன், வலிக்கும்'னு சொல்லிட்டுத் திருப்புறேன்."

"அப்பவும் கத்துறாங்களா?"

"கத்துறாங்க. அவங்க கத்தி முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நிக்கிறேன். அப்புறம்தான் பொத்தான்."