கோட்டைத் தாண்டிச் சீவிய கைப்பிடி

ரிக்மோர் என்ற பெயரை முதலில் கிர்ஸ்டினே சித்தி வாயால்தான் கேட்டேன். எங்கள் மாமா மகனின் திருச்சபை உறுதிபூசுதல் சடங்கு விருந்து. வறுத்த பன்றித் தொடையை வெட்டிக்கொண்டே சித்தி சொன்னாள், ஒரே வருஷத்தில் ஏழு வீட்டில் வேலை பார்த்த ஒரு பெண் இருக்கிறாள், காபியைக்கூட நின்றபடிதான் குடிப்பாள் என்று. என் அண்ணன் எவால்ட் தட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் அவளைக் கட்டிக்கொண்டான்.

அண்ணன் கோபன்ஹேகனில் நாற்காலிப் பட்டறையில் ஆசாரி. அண்ணியும் நானும் அதே பட்டறையில் காகிதக் கயிற்றால் இருக்கை பின்னினோம். உட்காரும் பொருளைச் செய்கிறவளுக்கு உட்காரவே முடியாது. நான்கு சுற்று இழுப்பாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள், வருவாள். ஆனால் அவள் இழுப்பு கம்பி மாதிரி நிற்கும். ஒருவர் தொடங்கிய இருக்கையை அவரேதான் முடிக்க வேண்டும். கை மாறினால் மாறிய இடம் கோடு போட்ட மாதிரி தெரிந்துவிடும்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து, இலையுதிர்காலக் கண்காட்சிக்கு ஒரு ஓக் மர நாற்காலி தயாரானது. முதுகும் இரண்டு கையும் ஒரே வளைவாக ஓட வேண்டும். அதை வடிவமைத்தவர் நாற்காலியின் நிஜ அளவிலேயே படம் போட்டுக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை அது கண்காட்சியில் நிற்க வேண்டும். கைப்பிடி முடிந்து, பசை காய்ந்தால்தான் பின்னல்.

அந்த வாரம்தான் அண்ணிக்குக் கடிதம் வந்தது, என் முகவரிக்கு. கிரீன்லாந்து போகும் கப்பலில் சமையல்கட்டு வேலை. வியாழன் மதியம் பன்னிரண்டுக்குப் புறப்பாடு. இருக்கையைப் பின்னிவிட்டுப் போய்விடுவேன், அண்ணனிடம் சொல்லாதே என்றாள். நான் சொல்லிவிட்டேன். கூடப் பிறந்தவனாச்சே.

செவ்வாய்க்கிழமை காபி கொண்டுபோனபோது அண்ணன் கைப்பிடியைப் படத்தின்மேல் வைத்திருந்தான். விளிம்பு பென்சில் கோட்டோடு அச்சாகப் பொருந்தியிருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். புதன்கிழமை போனால் இன்னமும் சீவிக்கொண்டிருக்கிறான். சீவுவான், கட்டைவிரலால் தடவுவான், மறுபடி சீவுவான். காலடியில் சீவல் மெல்லிசாகச் சுருண்டு கிடந்தது. சாயங்காலம்தான் பசை போட்டான்.

வியாழன் விடியலில் அண்ணி பின்ன உட்கார்ந்தாள். நான் கயிற்றை நனைத்து நனைத்துக் கொடுத்தேன். முழு நாள் வேலை அது. கடிகாரத்தைப் பார்ப்பாள், இழுப்பாள், விரல் சிவந்துபோனது. பதினொரு மணிக்குப் பாதி இருக்கைதான் ஆகியிருந்தது. அண்ணன் எதிரே நின்று ஏற்கெனவே தீட்டிய உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அண்ணி எழுந்தாள். கண் மேஜையில் விரித்திருந்த படத்தில் விழுந்தது. படத்தைத் தூக்கிக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்தாள். இரண்டு பக்கமும் கோடு வெளியே தெரிந்தது.

"எவால்ட், இது எப்பவோ முடிஞ்ச கை. கோட்டைத் தாண்டிச் சீவியிருக்க."

"கொஞ்சம் தடிமனாப் பட்டுச்சு."

"கப்பல் விஷயம் உனக்குத் தெரியும்."

அண்ணன் உளிமேல் இருந்த தூசியை ஊதினான். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் வாளித் தண்ணீரைப் பார்த்தேன்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வராது. ரெண்டு நாளா மரத்தைச் சீவுவ. இப்பவாவது சொல்லேன்."

அவன் வாய் அசைந்தது. "பின்னலை முடிச்சிட்டுப் போ" என்றான்.

அவள் கயிற்றை முடிச்சுப் போட்டு என் மடியில் வைத்தாள்.

"எல்னா, மிச்சத்தை நீ இழு. உன் கை தளர்வு, தெரியத்தான் செய்யும். தெரியட்டும்."

சைக்கிளை எடுத்துத் துறைமுகம் போனாள். அண்ணன் வாசல்வரை போய் நின்றான். கப்பல் சங்கு எங்களுக்குக் கேட்டது.

மறுநாள் படம் வரைந்தவர் வந்தார். கைப்பிடியை நெடுநேரம் தடவினார். பென்சிலை எடுத்துத் தன் கோட்டை அழித்து, அண்ணன் சீவிய அளவுக்கு வரைந்துகொண்டார். பிறகு இருக்கையைக் காட்டி, இது ரெண்டு பேர் கையா என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அந்த நாற்காலிக்கு எல்லாக் கைப்பிடியும் அந்த மெலிவில்தான். அண்ணன் சாகிறவரை அதைத்தான் செய்தான். வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அவளுக்கு எழுதவும் இல்லை.

ரிக்மோர் அண்ணி நாலு வருஷம் கப்பலில் சமைத்தாள், பிறகு கரையிறங்கினாள். இப்போது கிரீன்லாந்தில், நூக் ஊரில், அங்கே பிறந்த மகளின் வீட்டில் இருக்கிறாள்.