கோத்தா கோலா மூடாவில் நான் வரைந்த மிதக்கும் வீடு

கடல் ஏறிவரும் தீவுகளிலிருந்து மக்களைக் கிளப்பாமல், அங்கேயே மிதக்கும் வீடுகளில் குடியமர்த்தும் ஒரு திட்டத்துக்கு இரண்டு வருடம் வரைபடம் போட்டேன். அதன் சோதனை வீடு கோத்தா கோலா மூடாவில் மிதந்தது. திரையில் மட்டுமே பார்த்த வீட்டை நேரில் பார்க்க, போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

காலை ஏழரைக்குப் பாடாங் செராயில் காரை எடுத்தேன். சுங்கைப் பட்டாணியில் ரொட்டி சானாய், தே தாரிக், ஐந்து வெள்ளி. ஒன்பதுக்குப் படகுத்துறை. மொத்தம் நாற்பத்து மூன்று கிலோமீட்டர்.

வீடு சாய்ந்து கிடந்தது. அதில் குடியிருந்து பார்த்துக்கொள்ள எங்கள் நிறுவனம் வைத்திருந்த அந்தோணி அண்ணன் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரோசி அக்காவின் வலது கையில் மாவுக்கட்டு.

"போன வாரம் ஆயர் பாசாங், கடல் தண்ணி பொங்கி ரொம்ப ஏறிருச்சு," என்றார் அண்ணன். "இந்தப் பக்கத்து வளையம் ரெண்டும் தூணு உச்சியத் தாண்டிப் போயிருச்சு. வீடு அப்படியே திரும்பி படகு ஜெட்டியில இடிச்சிச்சு. இவ விழுந்துட்டா. நான் கயித்த ஒழுங்கா கட்டலன்னு வேலைய விட்டு நிறுத்திட்டாங்க லா."

வீடு தண்ணீரோடு ஏறி இறங்குவது அந்தத் தூண்களில் கோத்த வளையங்களால்தான். முதலில் ஒவ்வொன்றையும் ஒரு மீட்டர் கூடுதல் உயரமாக வரைந்திருந்தேன். விளம்பரப் படத்தில் துருத்திக்கொண்டு அசிங்கமாகத் தெரிகிறது, குறை என்றார் மேலாளர். குறைத்தேன். இரண்டு நிமிட வேலை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அதை இருவரிடமும் சொன்னேன்.

"தெரிஞ்சேவா குறைச்ச?" என்றார் ரோசி அக்கா.

"ஆமா அக்கா."

"அப்ப எங்கள ஏன் உள்ள உட்கார வச்சீங்க?"

பழைய வரைபடம், திருத்திய வரைபடம் இரண்டையும் அங்கேயே அண்ணன் கைப்பேசிக்கு அனுப்பினேன். அவர் நிறுவனத்துக்கு அனுப்பினார். திங்கட்கிழமை பதில் வந்தது: திருத்தியதில் என் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறதாம். மேலாளர் வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? என் வேலையும் போனது. அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

தீவு மக்களைக் காப்பாற்றுகிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். அவர்களில் ஒருவரைக்கூடச் சந்தித்ததில்லை.

போக நினைப்பவர்களுக்கு: படகுத்துறையில் மீன் வாங்குவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள். வீட்டை நிமிர்த்திப் புதுச் சாயம் அடித்துவிட்டார்கள். ஞாயிறுகளில் சுற்றிக் காட்டுகிறார்கள், கட்டணம் இல்லை. முன்பு இதில் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். போன ஞாயிறு நான் கேட்டேன். "இன்னும் யாரும் குடியேறல மிஸ்," என்று சிரித்தபடி சொன்னார் சுற்றிக் காட்டிய ஆள்.